வலைப்பூவில் மாட்டியதும் கழற்றியதும்

என் அக்கா மகன் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினான். போகிற வழியில் படிக்கட்டும் என்று, யானைமலைச் சமணச் சிற்பங்களைப் பற்றி நான் எழுதிய பதிவின் சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "மாமா, ஒத்தக்கடை வந்தாச்சு. நிஜ யானைமலை சன்னல்ல தெரியுது. உங்க யானைமலை இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

அன்று ராத்திரி கடையை அடைத்த பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சிம்மக்கல் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், காதுகுத்து ஃப்ளெக்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு மலை. 2009 முதல் அதையெல்லாம் கூகுளின் வலைப்பூத் தளமான பிளாகரில் எழுதி வருகிறேன். இத்தனை வருடத்தில் பக்கவாட்டில் 17 கேட்ஜெட், அதாவது ஒட்டுப்பெட்டிகள், சேர்ந்திருந்தது. கடிகாரம், பஞ்சாங்கம், நாட்டுக் கொடிகளோடு வருகையாளர் கணக்கு, பல வலைப்பூக்களின் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டிகள் மூன்றின் ஓட்டுப்பட்டை, ஓடுகிற எழுத்து, மவுஸ் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே வரும் மீன்கள். அந்த மீன்கள் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்தான். ஆனால் கைபேசியில் ஏது மவுஸ்?

வலைப்பூவில் என்னென்ன சேர்க்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கழற்றத்தான் சொல்வேன். அதற்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. 'தீம்' பகுதிக்குப் போய், பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன முக்கோணத்தை அமுக்கினால் 'பேக்கப்' என்று வரும். அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கெடுத்தாலும் திரும்பி வரலாம்.

அடுத்து கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்து, மொபைல் பக்கத்து மதிப்பெண்ணைப் பாருங்கள். மதிப்பெண்ணைவிட முக்கியம் அதற்குக் கீழே வரும் பட்டியல். எந்தெந்த வெளித்தளத்திலிருந்து எவ்வளவு இறங்குகிறது, எது எவ்வளவு நேரம் தின்கிறது என்று பிரித்துக் காட்டும். எனக்கு வந்த பட்டியலில் பாதிப் பெயர்கள் எப்போதோ மூடிப்போன தளங்கள். இப்படிப்பட்ட பட்டை ஒன்றை ஒட்டும்போது நம் பக்கத்தில் விழுவது ஒரே ஒரு வரிதான். மற்றதெல்லாம் அவர்கள் சர்வரிலிருந்து ஒவ்வொரு முறையும் வர வேண்டும். அந்தத் தளம் செத்துப்போனாலும் நம் பக்கம் போய்க் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். வாசகர் பஸ்ஸில் காத்திருப்பார்.

அதைவிட மோசம், அந்த முகவரியை வேறு யாராவது வாங்கிவிடுவது. என் கொடிக் கணக்கில் அதுதான் நடந்திருக்க வேண்டும். மேலூரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார்: "சார், மாங்குளம் கல்வெட்டைத் தொட்டா ரம்மி விளையாடக் கூப்பிடுது!" வருகை எண்ணிக்கை தெரிய வேண்டுமா, பிளாகருக்குள்ளேயே 'ஸ்டாட்ஸ்' இருக்கிறது. ஊருக்கெல்லாம் காட்ட வேண்டிய கணக்கா அது?

லேஅவுட்டில் ஒவ்வொரு கேட்ஜெட்டாகத் திறந்து நீக்கினேன். இப்போது மிச்சம் நான்கு: தேடல் பெட்டி, பதிவுகளை வகை பிரிக்கும் லேபிள்கள், பழைய பதிவுகளின் பட்டியல், அதிகம் படித்தவை. நான்குமே பிளாகரோடு வருபவை. செட்டிங்ஸில் படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் 'லேசி லோட்' இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

சரி, இனி சேர்க்க வேண்டியவை.

பதிவு முகவரியிலிருந்து தொடங்குகிறேன். இதற்கென்று தனியாக எதையும் ஒட்ட வேண்டாம், ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதுதான் பெரிய ஓட்டை. தலைப்பைத் தமிழில் வைத்தால் பிளாகர் அதை முகவரியில் சேர்க்காது. 'பிளாக் போஸ்ட்', ஓர் அடிக்கோடு, ஒரு எண் என்று மொட்டையாக ஒன்றைக் கொடுத்துவிடும். எனக்கு அப்படி முந்நூறு பதிவு. எது சமணர் மலை, எது கொங்கர் புளியங்குளம் என்று எனக்கே தெரியாது. வெளியிடும் முன் வலது பக்கத்தில் 'பெர்மாலிங்க்' பகுதியில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து, ஊர்ப் பெயரையும் பொருளையும் ஆங்கில எழுத்தில் நடுவில் சிறு கோடு போட்டு எழுதுங்கள். வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமானால் பதிவை மறுபடி வரைவாக்க வேண்டும், அப்போது பழைய சுட்டி அறுந்துபோகும். அதற்கு செட்டிங்ஸில் 'எரர்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்' என்கிற இடத்தில் பழைய பாதையையும் புதிய பாதையையும் கொடுத்து, 'பெர்மனென்ட்' என்பதில் டிக் அடிக்க வேண்டும். தளத்தின் பெயர் வேண்டாம், முதல் சாய்கோட்டிலிருந்து கொடுத்தால் போதும். முந்நூறையும் மாற்ற நான் உட்காரவில்லை. அதிகம் படிக்கப்பட்ட இருபதை மட்டும் மாற்றினேன்.

அதே வலது பக்கத்தில் 'சர்ச் டிஸ்கிரிப்ஷன்' இருக்கும், தேடுபொறிக்குப் பதிவைப் பற்றிச் சொல்லும் சிறு விவரம். இல்லாவிட்டால் செட்டிங்ஸில் மெட்டா டேக் பகுதியில் அதை இயக்கிவிடுங்கள். 150 எழுத்துக்கு இடம் உண்டு. கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேர்வதால் தமிழுக்கு இரண்டு சின்ன வாக்கியம்தான் நிற்கும். "வணக்கம் நண்பர்களே" என்று அதை வீணாக்காதீர்கள்.

எழுத்துரு என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு இலவச வலை எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் நிறைய இருக்கின்றன. முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் அங்கேதான். ஹிந்த் மதுரை என்று நம் ஊர்ப் பெயரிலேயே ஒன்று உண்டு. இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி செய்தது. ஊர்ப் பாசத்தில் போட்டுப் பார்த்தேன், சின்ன அளவிலும் ணகரமும் னகரமும் குழம்பாமல் நின்றன. அதையே வைத்துக்கொண்டேன்.

சேர்க்கும்போது எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. கூகுள் கொடுக்கிற மூன்று வரிகளை அப்படியே பிளாகர் தீமில் ஹெட் பகுதிக்குள் ஒட்டினால் சேமிக்க மறுத்துச் சிவப்பில் திட்டும். பிளாகர் தீம் எக்ஸ்எம்எல்லில் இருப்பதுதான் காரணம், அதற்கு இலக்கணம் கறார். முதல் இரண்டு வரிகளை விட்டுவிடுங்கள், கடைசி வரி மட்டும் போதும். அதில் வரும் ஒவ்வொரு 'அண்ட்' குறிக்கும் பின்னால் ஏ, எம், பி என்ற மூன்று சின்ன எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் சேருங்கள். வரி முடியும் கோண அடைப்புக்கு முன்னால் ஒரு சாய்கோடு. அவ்வளவுதான். இந்த இரண்டு திருத்தம் தெரியாமல் ஒரு வாரம் தலையைப் பிய்த்திருக்கிறேன். அப்புறம், தடிமனில் சாதாரணம், போல்டு இரண்டை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் டிக் அடித்தால் ஒத்தக்கடை கதைதான்.

எழுத்துரு வந்தபின் வரி இடைவெளியை 1.7 அல்லது 1.8 ஆக்குங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் நம் 'ணி'யின் கொக்கி மேல் வரியையும், 'ஞ'வின் வால் கீழ் வரியையும் போய் இடிக்கும். பத்திகளை இரண்டு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டாதீர்கள். கைபேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் நிற்கும். 'எழுதப்பட்டிருக்கவில்லையென்றாலும்' என்று ஒரு சொல் வந்தால் மேல் வரியில் மாட்டுவண்டி போகிற அளவுக்குச் சந்து விழும். பத்திரிகை அச்சடிக்கும்போதே அந்தச் சந்தைப் பார்த்தால் எனக்கு ஆகாது.

கல்வெட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி (தமிழ் பிராமி) வரிகளை முன்பு படமாகப் போட்டு வந்தேன். படத்துக்குள் இருக்கும் எழுத்தை யாரும் நகலெடுக்க முடியாது. பிராமி எழுத்துகள் 2010-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டன. ஆனால் எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் பிராமியையும் மேலே சொன்ன அதே வழியில் சேர்த்து, அந்த வரிகளுக்கு மட்டும் அதைக் கொடுத்தேன். கல்லில் இருக்கிற எழுத்து கைபேசியில் எழுத்தாகவே வந்தபோது, ஃப்ளெக்ஸ் வாங்க வந்தவரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்குண்ணே, எங்க பேனர் ரெடியா?" என்றார்.

லேபிளில் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கட்டும். 'சமணர்மலை', 'சமணர் மலை' இரண்டும் பிளாகருக்கு வேறு வேறு. என்னிடம் 'யானைமலை', 'யானை மலை', 'ஆனைமலை' மூன்றும் இருந்தன. பதிவுகள் பட்டியலில் பலவற்றை ஒருசேரத் தேர்ந்தெடுத்து லேபிளை மாற்றலாம், ஒரு மாலையில் முடிந்துவிடும்.

வரைபடம் ஒட்டுவது ஆசையாக இருக்கும். பதிவுக்கு ஒன்று என்று ஒட்டிப் பார்த்தேன், கனம் தாங்கவில்லை. இப்போது "வழி பார்க்க" என்று ஒரு சுட்டி மட்டும். கீழக்குயில்குடி மாதிரி எல்லாரும் போகிற இடத்துக்கு அது சரி. காவல் இல்லாத குகைகளுக்கு ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். சமணப் படுக்கையில் பெயின்டால் பெயர் எழுதுகிறவர்களுக்கு நான் வழி காட்ட மாட்டேன்.

மின்னஞ்சலில் பதிவு அனுப்பும் பெட்டி பிளாகரிலேயே முன்பு இருந்தது. 2021 ஜூலையோடு அது நின்றுபோனது. உங்கள் பக்கத்தில் அந்தப் பெட்டி இன்னும் உட்கார்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் முகவரி போட்டவர் எதுவும் வராமல் உங்களைத்தான் நொந்துகொள்வார். ஃபாலோ.இட் போன்ற மாற்றுச் சேவைகள் உண்டு. என் வாசகர்கள் மின்னஞ்சலே திறக்காதவர்கள், அதனால் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் வைத்திருக்கிறேன். ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேரலாம், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். ஆள் கூடினால் வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள். அதில் உங்கள் எண் யாருக்கும் தெரியாது.

கடைசியாக, மாதம் ஒருமுறை செட்டிங்ஸில் 'பேக்கப் கன்டென்ட்'. பதிவுகள் எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக இறங்கும். அதில் படங்கள் வராது, அவற்றின் முகவரி மட்டும்தான் வரும். ஆகவே படங்களின் மூலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மலைக்கு ஒரு ஃபோல்டர் போட்டு இரண்டு பென்டிரைவில் வைத்திருக்கிறேன், ஒன்று கடையில், ஒன்று அக்கா வீட்டில்.