வாகன ஒளிக்கோடுகள் கலங்காமல் விழ

மேம்பாலத்திலிருந்து கீழே ஓடும் வண்டிகளின் வெளிச்சத்தைக் கோடுகளாகப் பிடிக்க, சூரியன் மறைந்த 20 முதல் 30 நிமிடத்துக்குள் எடுங்கள். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் நேரம் அது. இருட்டிவிட்டால் பின்னணி வெறும் கறுப்புதான். கேமராவை ட்ரைபாடில் (முக்காலியில்) பொருத்தி, எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல் மோடில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 10 விநாடி. படம் வெளிறினால் துளையை இன்னும் சிறிதாக்கி எஃப்/16.

தூரத்துத் தெருவிளக்கை லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) பெரிதாக்கி, ஒளிப்புள்ளி மிகச் சிறிதாகத் தெரியும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி அப்படியே விட்டுவிடுங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைக்க மறக்காதீர்கள். ட்ரைபாடில் சில லென்ஸ்களில் அதுவே படத்தைக் கலக்கிவிடும். 2 விநாடி டைமர் வையுங்கள். கனரக வண்டி போனால் பாலமே அதிரும், அது கடந்தபின் அழுத்துங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம்.