ரிப்போர்ட்டில் ஈசினோபில் கூடியிருந்தால் என்ன செய்ய வேண்டும்?

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும், மழைக்காலத்தில் செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்குகிறவர்களும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கினால் ஈசினோபில் (ஒரு வகை வெள்ளை அணு) வரியைக் கட்டாயம் பாருங்கள்.

சதவீதம் மட்டும் போதாது. மொத்த வெள்ளை அணு 9,000, ஈசினோபில் 12 சதவீதம் என்றால் பெருக்கி நூறால் வகுங்கள், 1,080 வரும். மைக்ரோலிட்டருக்கு 500-ஐத் தாண்டினாலே கூடுதல்தான்.

ஏன் கூடுகிறது? ஒரு முக்கியக் காரணம் வயிற்றுப் புழு. பாக்டீரியா என்றால் வெள்ளை அணு அப்படியே விழுங்கிவிடும். மண்ணிலிருந்து காலில் ஏறும் கொக்கிப்புழுவை விழுங்க முடியாது, வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். அதனால் உடம்பு வேறு வழியில் போகிறது: டி-செல்கள் (எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளை அணுக்கள்) தகவல் அனுப்ப, எலும்பு மஜ்ஜை ஈசினோபில்களை நிறைய உருவாக்குகிறது, அவை எதிர்ப்புப் புரதம் ஒட்டிய புழுக்குஞ்சின் மேல் மொய்த்து, தங்களுக்குள் இருக்கும் நச்சுப் புரதங்களை அதன் மேல் கொட்டுகின்றன. குடலில் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் சளியையும் நீரையும் சுரக்கவைத்துப் புழுவை வெளியே தள்ளப் பார்க்கின்றன. குஞ்சு பாதத்துத் தோலைத் துளைத்து, ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுத்தான் குடலுக்கு வருகிறது. அந்தப் பயணத்தில் வறட்டு இருமலும் வரலாம்.

ஆனால் புழுவும் நம் எதிர்ப்பை அடக்கத் தெரிந்தது, வருடக்கணக்கில் குடலில் ரத்தம் உறிஞ்சும். தானாகப் போய்விடும் என்று தயவுசெய்து விடாதீர்கள்.

மலப் பரிசோதனை கேளுங்கள். ஒருநாள் முட்டை தெரியவில்லை என்றால் வேறு வேறு நாட்களில் மூன்று முறை கொடுங்கள், ஏனென்றால் முட்டை எல்லா நாளும் ஒரே அளவில் வெளியே வராது. குஞ்சு உள்ளே போய் சில வாரம் கழித்துத்தான் முட்டையே வரத் தொடங்கும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். ஆஸ்துமா, தோல் அலர்ஜி, சில மாத்திரைகள் இவற்றாலும் ஈசினோபில் கூடும், அதனால் என்ன வேலை, என்ன மருந்து என்று டாக்டரிடம் முழுசாகச் சொல்லுங்கள். ராத்திரி இருமலோடு எண்ணிக்கை 3,000-க்கு மேல் இருந்தால் யானைக்கால் புழுவாலா என்று கேளுங்கள்.

ஒன்று மிக முக்கியம். இழுப்புக்கு என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால், அதற்கு முன்பே புழு சோதனை பற்றிப் பேசுங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு உள்ளே இருந்தால், அந்த மாத்திரையால் எதிர்ப்பு அடங்கியதும் உடம்பெங்கும் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மலேரியா, அமீபாவுக்குப் பெரும்பாலும் ஈசினோபில் கூடாது, ஆகவே அளவு சரியாக இருக்கிறது என்று காய்ச்சலையோ வயிற்றுப்போக்கையோ தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், பிள்ளைகளுக்குப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையை விடவே விடாதீர்கள். பெரியவர்கள் டாக்டர் சொன்னபடி சாப்பிட்டு, அவர் சொல்லும் நாளில் மறுபடி எண்ணிக்கை எடுங்கள். குறையவில்லை என்றால் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.