நலன் முரண் படிவம்: இலவசச் செருப்பை எங்கே எழுதுவது?

வேலூரில் சர்க்கரை நோயாளிகள் அணியும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பைப் பற்றி நாங்கள் நால்வர் ஓர் ஆய்வு செய்தோம். ராணிப்பேட்டைப் பக்கத்துத் தயாரிப்பாளர் ஒருவர் 40 ஜோடிகளை விலையில்லாமல் கொடுத்தார். நாங்கள் ஒரு பைசாகூட வாங்கவில்லை என்பதால், கட்டுரையை மருத்துவ இதழுக்கு அனுப்பும்போது, ஆய்வு முடிவைச் சாய்க்கக்கூடிய உதவிகளையும் தொடர்புகளையும் கேட்கும் படிவத்தில் ‘நலன் முரண் ஏதுமில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டோம். இதழாசிரியர் திருப்பிக் கேட்டார்: ‘இரண்டாம் படத்தில் செருப்பின் அடியில் நிறுவனப் பெயர் தெரிகிறதே, இவை எப்படிக் கிடைத்தன?’ அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் கட்டுரை எழுதும் இளம் மருத்துவர்களுக்கு அந்த நிலை வரக் கூடாது.

படி 1: மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ.யின் தளத்திலிருந்து வேர்டு படிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் இதழுக்குத் தனிப் படிவம் இருந்தால் அதுவே போதும். ஒவ்வொரு கட்டுரையாளரும் அவரவர் கையால் நிரப்ப வேண்டும். துறைத் தலைவருக்காக நீங்கள் நிரப்பவே கூடாது. அவர் எங்கே சொற்பொழிவாற்றிப் பணம் பெற்றார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

படி 2: நாங்கள் சறுக்கிய இடம் இதுதான். படிவத்தில் 13 கேள்விகள். 2 முதல் 13 வரை கடந்த 36 மாதங்களைப் பற்றியவை: ஆய்வு நிதி, ஆலோசனைக் கட்டணம், மாநாட்டுப் பயணச் செலவு, காப்புரிமை, பங்குகள், இன்னபிற. முதல் கேள்விக்கு மட்டும் காலவரம்பு கிடையாது. இந்தக் கட்டுரைக்காகக் கிடைத்த எல்லா உதவியையும் அது கேட்கிறது; ஆய்வுப் பொருள்கள், எழுத்து உதவி, வெளியீட்டுக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். பணம் என்ற சொல்லையே தேடிக்கொண்டு போன நாங்கள் ‘பொருள்கள்’ என்பதைத் தாண்டிவிட்டோம். செருப்பு அங்கேதான் வர வேண்டும்.

படி 3: கட்டுரையின் இறுதியில் வரும் அறிவிப்பு. முதலில் இப்படி எழுதினோம்: ‘40 ஜோடிச் செருப்புகளைத் தயாரிப்பாளர் இலவசமாக வழங்கினார். ஆய்வு வடிவமைப்பிலோ கணக்கீட்டிலோ எழுத்திலோ அவருக்குப் பங்கில்லை.’ பிறகுதான் நினைவுக்கு வந்தது, அவர் வரைவைப் படித்து, செருப்பின் வார் பற்றிய ஒரு பத்தியைத் திருத்தச் சொல்லியிருந்தார். இரண்டாம் வாக்கியத்தை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினோம். கட்டுரை ஏற்கப்பட்டது.

இதற்கென்று செயலி எதுவும் தேவையில்லை. எனக்குப் பிடித்தது ஒரு சாதாரண நோட்டு: தேதி, கொடுத்தவர், என்ன பொருள், யார் கைக்கு வந்தது. 36 மாதங்களை நினைவிலிருந்து எழுத யாராலும் முடியாது.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு மருத்துவர் கேட்டார், ‘உதவி எனக்கு வரவில்லை, மருத்துவமனைக்கு வந்தது; எழுத வேண்டுமா?’ எழுதுங்கள். வலப்பக்கக் கட்டத்தில் ‘நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது’ என்று குறிப்பிடுங்கள். கட்டுரை வெளியான பிறகு விடுபட்டது தெரியவந்தால், யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் இதழாசிரியருக்கு நீங்களே கடிதம் எழுதுங்கள். பெரும்பாலும் திருத்தக் குறிப்பு வெளியிடுவார்கள்.