மனநலத் துறைக்கு வேலை மாறப் போகிறீர்களா? படிப்புக் கட்டணத்தை இப்போதே கட்டாதீர்கள்

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அதற்கு முன் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் கோயிலானாலும் கல்யாண வீடானாலும் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, “அக்கா, ஆபீஸ் வேலை அலுத்துப்போச்சு. கவுன்சலிங் டிப்ளோமா ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், சேர்ந்துடவா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

சேராதீர்கள், இப்போதைக்கு. நல்ல மனசு இருக்கிறது, நாலு பேர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வரும் என்பதெல்லாம் சரி. ஆனால் இந்தத் துறையில் எந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும் என்பது வகுப்பில் தெரியாது. ஆலோசகருக்கு ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு மணி நேரம். மனநலத் தாதிக்கு வார்டு, மாத்திரை வேளை, இரவுப் பணி. சமூகப் பணியாளர்களான எங்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் நடைபாதை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. கட்டாத மின்கட்டண பில்லோடு வருகிறார்கள், பையன் பள்ளிக்குப் போவதில்லை என்று ஆசிரியர் அனுப்பிய கடிதத்தோடு வருகிறார்கள். வீட்டுக்குப் போனால் பட்டப்பகலில் ஜன்னல் சாத்தியிருக்கும். கடிதங்கள் உறை பிரிக்காமல் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் குவிந்திருக்கும். அந்தக் குவியலைச் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிப்போம். எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று பிரித்து வைப்போம். மூன்றாவது கடிதத்தில்தான் அந்த அம்மா, ராத்திரி தூக்கமே வருவதில்லை என்று ஆரம்பிப்பார். பாலர் பள்ளி மானியப் படிவத்தை நிரப்பிக்கொண்டே அதைக் கேட்கத் தெரிய வேண்டும். படிவம் என்றாலே எரிச்சல் வருகிறவர்கள் வேறு பக்கம் பார்ப்பது நல்லது.

ஆகவே முதலில் சில மாதம் தொண்டூழியம் செய்யுங்கள், அதுவும் வாராவாரம் ஒரே இடத்தில். ஒருநாள் அன்பளிப்புப் பை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது கணக்கில் வராது. தற்கொலைத் தடுப்புக்காகச் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1969 முதல் இயங்குகிறது. அதன் 1767 தொலைபேசிச் சேவையில் தொண்டூழியர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்த பிறகுதான் அழைப்பை எடுக்க விடுவார்கள். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமில்லை. போலீஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்காதவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள், அதனால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தங்குவிடுதி ஊழியர்களோடு பழக விருப்பமென்றால் ஹெல்த்செர்வ் இருக்கிறது, 2006 முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்குகிறது. முதியவர்கள் என்றால் ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் தாதிமை இல்லம். பிள்ளைகளும் குடும்பங்களும் என்றால் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். போய்ப் பழகினால் ஒன்று பிடித்துப்போகும், அல்லது இது நமக்கு ஆகாது என்று தெரிந்துவிடும். இரண்டுமே லாபம்தான், பல ஆயிரம் வெள்ளி மிச்சம்.

அப்புறம் படிப்பு. பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு வழி தெளிவாக இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சமூகப் பராமரிப்புப் படிப்பு உண்டு, நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சமூகப் பணி, தாதிமை இரண்டும் உண்டு. சமூகப் பணியில் பட்டம் என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். உளவியலில் இளங்கலை முடித்தவுடன் மருத்துவமனையில் உளவியலாளர் ஆகிவிடலாம் என்று நம்பி வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மருத்துவ உளவியலுக்கு முதுகலை வேண்டும், அதில் இடம் கிடைப்பதும் லேசில்லை.

ஏற்கெனவே வேறு துறையில் பட்டம் வாங்கி, நடுவயதில் மாற நினைப்பவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சமூகப் பணிக்கு மாறுவதற்கென்று வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம் இருக்கிறது. அதில் வரிசை தலைகீழ்: முதலில் ஒரு நிறுவனம் உங்களை வேலைக்கு எடுக்க வேண்டும், அப்புறம்தான் சம்பளத்தோடு பட்டயமேற்படிப்பு. இது தெரியாமல் சொந்தப் பணத்தில் வேறு ஏதாவது படித்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சரில், அதாவது படிப்புக்காக அரசாங்கம் தரும் தொகையில், 4,000 வெள்ளி கூடுதலாக வந்ததே, அதை எல்லாப் படிப்புக்கும் பயன்படுத்த முடியாது. நீங்கள் பார்த்துவைத்திருக்கும் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆலோசகர் படிப்பில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். இங்கே யார் வேண்டுமானாலும் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கத்தின் பதிவு இருக்கிறதா, அல்லது பதிவு பெறும் தகுதியாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்தப் படிப்பைச் சங்கம் ஏற்றுக்கொள்கிறதா? மேற்பார்வையோடு உண்மையான மனிதர்களைச் சந்திக்கும் நேரம் எவ்வளவு? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனநோயிலிருந்து மீண்டு வந்தவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொண்டு சகா ஆதரவாளர்களாக, அதாவது அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குத் துணை நிற்பவர்களாக, பயிற்சி கொடுக்கும் திட்டம் 2016இல் தொடங்கியது. நம் குடும்பங்களில் இதை வெளியே சொல்லவே தயங்குவார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு மனநலக் கழகம் இன்னும் அந்தப் பழைய உட்பிரிட்ஜ் மனநோய் மருத்துவமனைதான். புவாங்கோக்கிற்கு இடம் மாறியது 1993இல், இருந்தாலும் “அங்கேயா வேலைக்குப் போறே?” என்ற கேள்வி போகவில்லை. அந்தப் பெரியவர்களை வாதாடி ஜெயிக்க முடியாது. வேலைக்குப் போய்விட்டு, நேரத்துக்கு வீடு திரும்புங்கள், போதும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே கிராக்கி உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி வர வேண்டாம். குறிப்பேடு, அறிக்கை, கூட்டம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ் எங்கே உதவுகிறது என்றால், பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காமல் இருக்க. அம்மா இரண்டு நிமிடம் அழுது அழுது பேசுவார். பன்னிரண்டு வயதுப் பையன் எங்கள் பக்கம் திரும்பி, “அம்மாவுக்குக் கொஞ்சம் டயர்டா இருக்காம்” என்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்த இரண்டு நிமிடத்தில் அவன் அப்பாவைப் பற்றி என்னவெல்லாம் கேட்டிருப்பான். நேரடியாகத் தமிழில் பேசத் தெரிந்தால், அவனைப் பந்து விளையாட அனுப்பிவிட்டுப் பேச்சைத் தொடரலாம்.

நம் சமூகம் சிறியது என்பதால் ஒரு சங்கடமும் வரும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, செவ்வாய்க்கிழமை உங்கள் எதிரில் உட்கார்ந்து அழுதவர் பக்கத்தில் வந்து நிற்பார், கூடவே அவர் மாமியார். நான் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்: “வெளியே எங்காவது பார்த்தால் நானாக வந்து பேசமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பேசினால் பேசுகிறேன்.” அதைக் கேட்டதும் பலருக்கு முகமே மாறிவிடும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கட்டாயம் பழக வேண்டும். எந்தக் கோயிலுக்குப் போவீர்கள், ஊர்ப் பக்கம் எது என்று அவர்கள் உங்களை விசாரிப்பார்கள். ஒன்றிரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே பேச்சை அவர்கள் பக்கம் திருப்புங்கள்.

சம்பளம்? நான் மாறியபோது குறைந்தது, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன். இப்போது நிலைமை பரவாயில்லை. தேசிய சமூகச் சேவை மன்றம் இந்தத் துறை வேலைகளுக்குச் சம்பள வழிகாட்டி வைத்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள்.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு சூழலைச் சொல்லிக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகம் மூடும் நேரம், ஒருவர் தொலைபேசியில் “இனிமேல் உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன்” என்கிறார். என்ன செய்வீர்கள்? ஆறுதல் சொல்வேன் என்பவர்கள் அங்கேயே விழுந்துவிடுகிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பேன், எங்கே இருக்கிறார், கூட யார் என்று கேட்பேன், பேச்சைத் துண்டிக்காமல் மேற்பார்வையாளருக்குச் சைகை காட்டுவேன் என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் முறை: மேற்பார்வை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, ஒருவர் கையில் எத்தனை குடும்பங்கள், வீட்டுச் சந்திப்புக்குத் தனியாகப் போகச் சொல்வார்களா என்று கேளுங்கள். மேற்பார்வைக்கு நேரமில்லை என்று சிரிக்கும் இடத்தில், சம்பளம் அதிகம் கிடைத்தாலும் நான் சேரமாட்டேன்.

விண்ணப்பத்தில் தொண்டூழியம் செய்த இடத்தின் பொறுப்பாளரைப் பரிந்துரையாளராகப் போடுங்கள். போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.