என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை: ஜாவா, டாம்கேட் பதிப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. ஜாவா இணையச் செயலியை ஒரே பொதியாகக் கட்டும் வார் கோப்பு ஒழுங்காக உருவாகிறது. அந்தச் செயலியை ஓட்டும் சர்வரான டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டால் அதுவும் மறுப்பு சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. பிரௌசரில் முகவரியைத் தட்டினால் மட்டும் 404, அதாவது பக்கம் கிடைக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் இதே இடத்தில் நான் இரண்டு நாள் முட்டி மோதியிருக்கிறேன். முகவரியை மாற்றி மாற்றி எழுதினேன், டாம்கேட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். நிரலில் தவறே இல்லை. அது டாம்கேட் 9-க்கு எழுதிய நிரல். நான் இறக்கி வைத்திருந்தது டாம்கேட் 10.

இந்த 9-க்கும் 10-க்கும் நடுவில் நடந்த கதை தெரிந்தால்தான் மற்றது புரியும். ஆரக்கிள் நிறுவனம், சர்வர் நிரல்களுக்கான ஜாவா விதித்தொகுப்பான ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக 2017-ல் அறிவித்தது. ஆனால் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களைத் தொடர்ந்து வளர்க்க அனுமதி கிடைக்கவில்லை. ஜாவா இஇ-யின் புதிய பெயர் ஜகார்த்தா இஇ. அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-ல் சர்வ்லெட் (பிரௌசரின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) உட்பட அந்தப் பெயர்கள் எல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 10 இந்தப் புதிய பெயரைத்தான் தேடும். உங்கள் சர்வ்லெட்டின் தலையில் பழைய ஜாவாக்ஸ் அனோட்டேஷன் (இது சர்வ்லெட், இன்ன முகவரிக்கு உரியது என்று சொல்லும் குறிப்பு) இருந்தால், டாம்கேட்டைப் பொறுத்தவரை அங்கே சர்வ்லெட் என்று ஒன்றே இல்லை. இல்லாத ஒன்றுக்கு அது ஏன் பிழைச்செய்தி தர வேண்டும்? வெப் எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் பதிவு செய்திருந்தாலாவது கிளாஸ் கிடைக்கவில்லை என்று லாகில், அதாவது தன் பதிவேட்டில், புலம்பும். அனோட்டேஷன் மட்டும் என்றால் வெறும் 404தான்.

ஆகவே முதல் தவறு, பதிவிறக்கப் பக்கத்தில் பெரிய எண் எதுவோ அதை எடுப்பது. டாம்கேட் 9 என்றால் சர்வ்லெட் 4.0, ஜாவா 8 முதல் போதும். டாம்கேட் 10.1 என்றால் சர்வ்லெட் 6.0, ஜாவா 11-ஆவது வேண்டும். டாம்கேட் 11-க்கு ஜாவா 17 வேண்டும். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா சட்டகத்தின் 2-ஆம் பதிப்பில் எழுதியதை வாராக எடுத்துப் போடுவதென்றால் டாம்கேட் 9. ஸ்பிரிங் பூட் 3 என்றால் டாம்கேட் 10.1, ஜாவா 17. பழைய பாடநூலையோ காணொளியையோ பார்த்துக் கற்கிறவர்கள் டாம்கேட் 9-ஐயே எடுத்துக்கொள்வது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரணம் புரிந்தவுடன் அடுத்த தவறு வரும். சரி, ஜாவாக்ஸ் என்று இருப்பதையெல்லாம் ஜகார்த்தா என்று ஒரே அடியாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ் நேமிங், ஜாவாக்ஸ் கிரிப்டோ போன்றவை ஜேடிகே என்ற ஜாவா கருவித் தொகுப்பின் சொந்தச் சொத்து. அவற்றின் பெயர் மாறவே இல்லை. மாறியவை சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், மெயில், வேலிடேஷன் போன்றவை. அதோடு, உங்கள் நிரலைத் திருத்தினாலும் நீங்கள் சேர்த்திருக்கும் ஜார்களுக்குள் (பிறர் எழுதிய நூலகக் கோப்புகள்) பழைய பெயர் அப்படியே இருக்கும். அவற்றுக்கும் புதிய பதிப்பு தேட வேண்டும். முழு வார் கோப்பையும் மாற்றித் தரும் கருவி ஒன்றை டாம்கேட் குழுவே தருகிறது. ஆனால் என்னைக் கேட்டால் அது அவசரத்துக்கு உதவும் ஊன்றுகோல். வளர்ந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கு நிரலிலேயே மாற்றுவதுதான் சரி.

சர்வ்லெட் ஜாரை வாருக்குள்ளேயே சேர்த்து அனுப்புவது இன்னொரு வழக்கம். மண்டபத்தில் பாத்திரம் எல்லாம் இருக்க, வீட்டிலிருந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. ஜார்களைச் சேர்த்துத் திட்டத்தைக் கட்டும் கருவியான மேவனில் அதன் ஸ்கோப்பை 'புரொவைடட்' (சர்வரே தரும்) என்று வையுங்கள். டாம்கேட் 9 அந்த ஜாரை ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதையே பயன்படுத்தும். டாம்கேட் 10 பழைய ஜாவாக்ஸ் ஜாரை ஒதுக்காது. அப்போது வெப் எக்ஸ்எம்எல்லில் பதிவான உங்கள் கிளாஸைப் பார்த்து, இது சர்வ்லெட்டே இல்லை என்று சொல்லும். கண்ணெதிரே சர்வ்லெட் என்று எழுதியிருக்கும்போது இந்தச் செய்தியைப் படித்தால் யாருக்கும் தலை சுற்றும்.

இனி ஜாவா பதிப்பு. 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்' என்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எனக்குப் பிடித்த பிழை அது, ஏனென்றால் உண்மையை நேராகச் சொல்கிறது. அதில் வரும் எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள். 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. கிளாஸ் கோப்பு 61, இந்த ஜாவா 55 வரைதான் படிக்கும் என்று வந்தால், 17-க்குத் தொகுத்ததை 11-ல் ஓட்டப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதைச் சரிசெய்யப் போய் செய்யும் தவறுதான் உண்மையில் ஆபத்தானது. ஜேடிகே 17-ஐ வைத்துக்கொண்டு, நிரலைத் தொகுக்கும் கம்பைலருக்கு சோர்ஸ் 8, டார்கெட் 8 என்று மட்டும் கொடுப்போம். கிளாஸ் கோப்பின் எண் 52 ஆகிவிடும், ஜாவா 8 அதை ஏற்றுக்கொள்ளும், எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் தொகுக்கும்போது கம்பைலர் பார்த்தது 17-இன் நூலகத்தை. பைட்பஃபரின் ஃபிளிப் மெத்தட் நல்ல உதாரணம். ஜாவா 8-ல் அது பஃபர் என்ற மேல் கிளாஸில் இருந்தது. ஜாவா 9-ல் பைட்பஃபரே அதைத் தனக்கென எழுதிக்கொண்டு, பைட்பஃபரையே திருப்பித் தருகிறது. உங்கள் நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் சர்வரில் அந்த வரி ஓடும் நேரத்தில் 'நோ சச் மெத்தட் எரர்' வந்து விழும். அந்த வரி மாதத்துக்கு ஒருமுறை ஓடும் வேலையில் இருந்தால் மாதக் கடைசியில்தான் தெரியவரும். ஜேடிகே 9 முதல் 'ரிலீஸ்' என்ற ஒரே விருப்பம் இருக்கிறது. அது மொழி, கிளாஸ் எண், நூலகம் மூன்றையும் சேர்த்துக் கட்டிப்போடும். மேவனிலும் அதையே எழுதுங்கள். எதுவும் எழுதாமல் விட்டால் மேவனின் பழைய கம்பைலர் பிளக்இன் தானாக ஜாவா 1.5-ஐ எடுத்துக்கொள்ளும், புதிய ஜேடிகே அதை ஏற்காது.

அப்புறம், ஓடுவது எந்த ஜாவா? டெர்மினலில் ஜாவா பதிப்பைக் கேட்டுவிட்டு, சர்வரும் அதுதான் என்று நம்பிவிடுகிறோம். ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் சூழல் மாறிகளில் டாம்கேட் முதலில் ஜேஆர்இ ஹோமைப் பார்க்கும், அது இல்லாவிட்டால்தான் ஜாவா ஹோம். விண்டோஸில் சர்வீஸாக நிறுவியிருந்தால் அதற்கென்று தனி அமைப்பு உண்டு. நீங்கள் ஜாவா ஹோமை எத்தனை முறை மாற்றினாலும் அது அசையாது. எக்லிப்ஸிலும் இதே குழப்பம். எக்லிப்ஸ் 2022-09 ஓடுவதற்கு ஜாவா 17 வேண்டும் என்பதற்காகத் திட்டத்தையும் 17-க்கு ஏற்றிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்லிப்ஸ் எதில் ஓடுகிறது என்பது வேறு, அது எந்தப் பதிப்புக்குத் தொகுக்கிறது என்பது வேறு.

பழைய எக்லிப்ஸின் சர்வர் பட்டியலில் உங்கள் டாம்கேட் இல்லையென்றால் எக்லிப்ஸைப் புதுப்பியுங்கள். டாம்கேட்டின் மையக் கோப்பான கேட்டலினா ஜாரைத் திறந்து அதற்குள் இருக்கும் பதிப்பு எண்ணைத் திருத்தச் சொல்லும் ஒரு குறுக்கு வழி உலவுகிறது. எக்லிப்ஸை அது ஏமாற்றிவிடும், ஆனால் பிறகு லாகில் வரும் எண்ணை நீங்களே நம்ப முடியாது.

அந்த லாக் அவ்வளவு முக்கியம். டாம்கேட் எழும்போதே தன் பதிப்பு, ஜாவா ஹோம், ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) பதிப்பு மூன்றையும் அதன் முதல் சில வரிகளில் எழுதிவிடும். இப்போதெல்லாம் புதிய திட்டம் தொடங்கும்போது நிஜ சர்வரிலிருந்து அந்த மூன்று வரிகளை முதலில் வாங்கி, ரீட்மீ கோப்பின் தலையில் ஒட்டிவிடுகிறேன். எந்த ஜேடிகே, எந்த எக்லிப்ஸ் என்பதையெல்லாம் அதைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்கிறேன். யாராவது 404 என்று வந்தாலும் நான் முதலில் கேட்பது அந்த மூன்று வரிகளைத்தான்.