ஒரே கோப்பில் சிக்கிய நாவலை மீட்டது

நாவலின் முதல் வரைவு 90,000 சொற்களைத் தாண்டியபோது எல்லாமே ஒரே கோப்பில்தான் இருந்தது. 12ஆம் அத்தியாயத்தில் இறந்துபோன அத்தை 19இல் வந்து காபி போடுகிறார். எது எங்கே என்று மேலும் கீழும் உருட்டியே மாலைகள் போயின.

நீண்ட படைப்புகளை எழுதுவதற்கான மென்பொருளான ஸ்க்ரிவனருக்கு மாறினேன். சோதனைப் பதிப்பு 30 நாள். திறந்து பயன்படுத்திய நாள்கள் மட்டும்தான் கணக்கு என்பதால் அவசரமில்லை. கோப்பை உள்ளே கொண்டுவந்து, காட்சி முடியும் இடத்திலெல்லாம் கர்சரை வைத்து கன்ட்ரோல்-கே அழுத்தினேன். ஒவ்வொரு காட்சியும் தனித் துண்டாகி இடப்பக்கப் பட்டியலில் வந்து நின்றது. அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் இருக்கும் குறிப்பு அட்டையில் எந்த ஆண்டு, யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினேன். இரண்டு வாரம் பிடித்தது. இந்த வேலையை மட்டும் தவிர்க்கவே கூடாது. அட்டைகளைப் பலகையில் குத்தியதுபோல் காட்டும் கார்க்போர்டில் அவற்றைப் பரப்பிப் பார்த்த பிறகுதான் குழப்பம் முழுசாகக் கண்ணில் பட்டது. ஆறு காட்சிகள் இடம் மாறின, இரண்டு போயின.

வெட்டும் பயத்தைப் போக்கியது ஸ்னாப்ஷாட். கைவைப்பதற்கு முன் கன்ட்ரோல்-5 அழுத்தினால் பழைய வடிவம் பத்திரமாக இருக்கும். எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பத்திகளையே அதன் பிறகுதான் தைரியமாக நீக்கினேன்.

ஒன்றைக் கவனியுங்கள்: விண்டோஸில் ஸ்க்ரிவனர் திட்டம் என்பது பல கோப்புகள் அடங்கிய ஒரு கோப்புறை. கிளவுடில் வைத்திருந்தால், ஒத்திசைவு முழுதாக முடிந்த பிறகே இன்னொரு கணினியில் திறக்க வேண்டும்.

போன மாதம் கம்பைல் செய்து, அதாவது துண்டுகளையெல்லாம் ஒன்றாகக் கோர்த்து, வேர்டு கோப்பாக என் முதல் வாசகரான அக்காவிடம் கொடுத்தேன்.