வடகம், காகம், மூன்று வரி: சிறுவர்க்குக் கவிதை எழுதக் கற்பிக்கும் முறை

பள்ளிகளில் நடக்கும் கவிதைப் போட்டிகளுக்கு "மரம் வளர்ப்போம்", "தமிழின் பெருமை", "அன்னை" போன்ற தலைப்புகளே பெரும்பாலும் கொடுக்கப்படுகின்றன. ஒன்பது வயதுக் குழந்தைக்கு இந்தத் தலைப்புகளில் தானாகக் கண்டறிந்தது மிகக் குறைவு. காதில் விழுந்த வாக்கியங்கள்தாம் நிறைய. ஆகவே அது கேட்டதையே வரி வரியாக மடித்து எழுதித் தருகிறது, நாமும் கைதட்டிப் பரிசு கொடுத்துவிடுகிறோம். இங்கே விளக்கப்படும் முறையில் தலைப்பு கடைசியில்தான் வரும். அதற்கு முன் எந்தப் பொருளைப் பற்றி எழுதுவது, எந்த வினைச்சொல்லைப் போடுவது, எந்தச் சொல்லை முன்னே வைப்பது, வரியை எங்கே முறிப்பது, எதை அடித்துவிடுவது என்று குழந்தை ஒவ்வொன்றாக முடிவெடுக்கும். ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு மூன்று வழிகளைக் கண்முன் வைப்பதும், "ஏன் இதை எடுத்தாய்?" என்று கேட்பதும் மட்டுமே கற்பிப்பவரின் வேலை.

தேவையானவை

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான ஐந்தாறு குழந்தைகள் இருந்தால் போதும்; ஒரே ஒரு குழந்தையுடன் வீட்டிலும் செய்யலாம். கோடு போடாத தாள், பென்சில், கத்தரிக்கோல், கிழித்த நாட்காட்டித் தாள்கள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழிப்பான் வேண்டாம். அழித்த சொல் மறைந்துவிடும், அடித்த சொல்லோ கோட்டுக்கு அடியில் காத்திருக்கும். முதலில் எழுதிய சொல்லே மேல் என்று பின்னர் தோன்றினால் அதற்குத் திரும்ப முடிய வேண்டும். முக்கால் மணி நேரம் வீதம் இரண்டு அமர்வுகள் ஒதுக்குங்கள். நான்காம் படி வரை முதல் அமர்விலும் எஞ்சியவற்றை அடுத்த அமர்விலும் செய்தால் இடைவெளியில் குழந்தையின் கண் சற்றுத் தெளிந்திருக்கும்.

படி 1: கைக்கு எட்டும் பொருளை எடுத்தல்

நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை வீட்டிலும் தெருவிலும் பார்த்த பத்துப் பொருள்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். "மழை", "வானம்", "நட்பு" என்று எழுதினால் ஏற்காதீர்கள். நனைந்த பள்ளிப்பை, தண்ணீர்க் குடத்தின் நசுங்கிய பக்கம், மாடியில் காயும் வடகம் என்ற அளவுக்குக் குறுக வேண்டும். பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, மற்றவர்களிடம் இல்லாத ஒன்று எது என்று யோசிக்கச் சொல்லலாம்.

இங்கே குறுந்தொகையைத் துணைக்கு அழைப்பது நல்லது. பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும் அந்தப் பாடல்களைப் பாடிய சிலரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் அவர்கள் வைத்த காட்சியே பெயராகிவிட்டது. ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். குப்பை மேட்டில் விலக்கிவிட ஆளின்றித் தாமாகச் சண்டையிடும் கோழிகளைச் சொன்னவர் குப்பைக் கோழியார். செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொன்னவர் செம்புலப்பெயனீரார். இதைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு குழந்தையும் தேர்ந்தெடுத்த பொருளை வைத்து மற்றவர்கள் அதற்கு ஒரு புலவர் பெயர் சூட்டட்டும். "நசுங்கிய குடத்தார்", "ஒற்றைச் செருப்பனார்" என்று வகுப்பு சிரிப்பில் மூழ்கும். ஆனால் "வானத்தார்" என்று பெயர் வாங்கிய குழந்தை, தன் பொருள் யாருக்கும் பொருந்தக்கூடியது என்பதை நாம் சொல்லாமலே உணர்ந்து வேறொன்றைத் தேடத் தொடங்கும்.

படி 2: உரைநடையில் முழுவதையும் கொட்டுதல்

தேர்ந்த பொருளைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் சாதாரண வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். "அழகான", "இனிமையான", "அருமையான" என்ற மூன்று சொற்களுக்கு மட்டும் தடை விதியுங்கள். விளக்கத்துக்காக நான் கட்டிய ஒரு மாதிரியை இனி எல்லாப் படிகளிலும் பின்தொடர்வோம்:

"நேற்று எங்கள் மொட்டை மாடியில் பாட்டி, தாத்தாவின் பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிந்து காய வைத்தார். காகம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார். நான் பட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது காகம் ஒரு வடகத்தைத் தூக்கிச் சென்றது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. எப்போதும் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்."

வடகம், வடாம், வற்றல் என்று வீட்டுக்கு வீடு பெயர் மாறும்; குழந்தையின் வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அதையே எழுதட்டும்.

படி 3: வினைச்சொல்லை மாற்றிப் பார்த்தல்

குழந்தைகள் பெயரடைகளைக் கூட்டினால் கவிதையாகிவிடும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பேசிக் கலைக்க முடியாது, ஒரு குழாயைத் திறந்து காட்டிக் கலைக்கலாம். குழாயை ஏறக்குறைய மூடினால் நீர் கசிகிறது, சற்றுத் தளர்த்தினால் சொட்டுகிறது, இன்னும் தளர்த்தினால் ஒழுகுகிறது, முழுவதும் திறந்தால் கொட்டுகிறது, விரலை வைத்தால் பீய்ச்சுகிறது, வாளி நிறைந்தால் வழிகிறது. ஒரே தண்ணீர்தான், ஒவ்வொரு வினையும் வேறொரு காட்சி. இதைச் செய்து காட்டிய பிறகு, தங்கள் உரைநடையில் உள்ள "இருந்தது", "வந்தது", "சென்றது" ஆகியவற்றுக்குக் கீழே கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்றாக மூன்று வினைகளைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நம் மாதிரியில் "தூக்கிச் சென்றது" என்பதற்குக் கொத்தியது, கவ்வியது, பறித்தது, திருடியது என்று வரலாம். இப்போதைக்கு எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

இந்தப் படியில்தான் பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்ற கேள்வியும் எழும். "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" என்று எழுதும் குழந்தையை உடனே திருத்தாதீர்கள். அந்த வாக்கியத்தில் ஒரு குழந்தையின் குரல் கேட்கிறது. "காகம் கவர்ந்து சென்றது" என்பதில் பாடநூல் கேட்கிறது. இரண்டையும் உரக்கப் படிக்க வைத்து, எது தன் கவிதைக்கு வேண்டும் என்று கேளுங்கள். ஒரே கவிதையில் இரண்டையும் கலந்தால் மட்டும் காரணம் சொல்லச் சொல்லுங்கள். கடன்சொல்லுக்கும் இதே விதிதான்: வீட்டில் யாரும் "குளிர்பதனப் பெட்டி" என்று சொல்வதில்லை என்றால், கவிதைக்குள் "ஃபிரிட்ஜ்" நுழைவதில் தவறில்லை. வெளிநாடுகளில் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் குழந்தைகளிடம் இந்தத் தளர்வு இன்னும் அவசியம். அகராதியைத் திறக்கச் சொன்ன கணமே அவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

படி 4: வெட்டி, வரிசை மாற்றி, வரி முறித்தல்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். உரைநடையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, சொல் சொல்லாகக் கத்தரித்துத் தரையில் பரப்ப வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது: "மாடியில் காய்ந்த வடகத்தைக் காகம் தூக்கிச் சென்றது."

தமிழில் யார் செய்தார், எதைச் செய்தார் என்பதைச் சொல்லின் இடம் தீர்மானிப்பதில்லை, பெரும்பாலும் வேற்றுமை உருபே தீர்மானிக்கிறது. "வடகத்தை" என்பதிலுள்ள ஐ உருபு இருக்கும்வரை அதை எங்கே நகர்த்தினாலும் தூக்கப்பட்டது வடகம்தான். இலக்கணப் பாடத்தில் மனப்பாடம் செய்த உருபு, இங்கே குழந்தைக்கு விருப்பம்போல் சொற்களை நகர்த்தும் உரிமையைக் கொடுக்கிறது. ஆகவே துண்டுகளைக் குறைந்தது மூன்று வரிசையில் அடுக்கிப் பார்க்கட்டும்.

காகம்
மாடியில் காய்ந்த வடகத்தைத்
தூக்கிச் சென்றது.

இந்த அடுக்கில் திருடன் முதல் வரியிலேயே பிடிபட்டுவிடுகிறான். அடுத்த இரண்டு வரிகள் செய்தி அறிக்கை போல முடிகின்றன.

மாடியில் காய்ந்த
வடகத்தைத் தூக்கிச் சென்றது
காகம்.

இப்போது வடகத்தை எடுத்தது யார் என்ற கேள்வி ஒரு வரி நேரம் நீடிக்கிறது. "காய்ந்த" என்ற பெயரெச்சத்தில் முதல் வரி முறிவதால், காய்ந்தது எது என்று கண் கீழே ஓடுகிறது. பெயரெச்சத்தில் முறித்தால் வாசகர் அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறார், வினைமுற்றில் முறித்தால் நின்று மூச்சு விடுகிறார் என்ற வேறுபாட்டைப் பெயர் சொல்லாமலே உணர்த்த ஒரு வழி உண்டு: ஒவ்வொரு வரி முடிவிலும் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் படிக்க வைப்பது.

மூன்று வரி என்றதும் சிலர் ஐக்கூ என்ற ஜப்பானிய மூன்று வரிக் கவிதைக்குரிய 5, 7, 5 என்ற அசைக் கணக்கைக் கொண்டுவருவார்கள். பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது அவரைக் கவர்ந்தது அதன் சுருக்கம். சிறுவர் வகுப்பில் நாமும் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணிக்கையை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. விரல் விட்டு எண்ணத் தொடங்கிய குழந்தை காகத்தை மறந்துவிடுகிறது.

படி 5: ஓசையைத் தேடுதல்

ஓசை என்றாலே குழந்தைகள் வரியின் இறுதியைத்தான் நினைக்கிறார்கள். வந்தான், சென்றான், நின்றான் என்று முடிப்பது தமிழில் மிக எளிது; வினை விகுதி ஒன்றாக இருப்பதால் அந்த இயைபு முயற்சியின்றிக் கிடைக்கிறது, அதனால்தான் சீக்கிரம் சலிக்கிறது. வரியின் தொடக்கத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதலெழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. எதுகையில் முதலெழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் சேர்த்துச் சொன்னால் போதும்.

"வடகம்" என்பதை நடுவில் எழுதிச் சுற்றிலும் எதுகைச் சொற்களை நிரப்பச் சொல்லுங்கள்: கடல், படம், நடந்து, உடன், தடம், கடத்து. குவியலில் "கடத்து" என்ற சொல்லைப் பார்த்ததும் குழந்தை நிமிர்ந்து உட்காரும். மூன்றாம் படியில் எழுதிய மாற்று வினைகளில் இது இல்லை. ஓசையைத் தேடியதால் கிடைத்தது. தூக்கிச் சென்ற காகம் இப்போது கடத்தல்காரக் காகம் ஆகிவிட்டது, கூடவே "கடத்தியது காகம்" என்பதில் மோனையும் அமைந்துவிட்டது.

வடகம் காயும் வேட்டி.
கடத்திப் போனது காகம்.
தடி மட்டும் என் கையில்.

மூன்றாம் வரியின் "தடி"யும் எதுகைக்காக வந்ததுதான். ட, டி என்று உயிர் மாறினாலும் ஒரே மெய் வருவதால் அதை வருக்க எதுகை என்பர். ஆனால் பாட்டி கொடுத்தது தடியா? குச்சிதானே. எட்டு வயதுக் கையில் தடி இருந்தால் அது சண்டைக்குப் போகும் ஆள், குச்சி இருந்தால் காவலுக்கு உட்கார்த்தப்பட்ட குழந்தை. ஓசையும் உண்மையும் மோதும்போது எதை விடுவது என்று குழந்தைகளையே விவாதிக்க விடுங்கள். என் வாக்கு குச்சிக்கே. தடிதான் வேண்டும் என்று ஒரு குழந்தை காரணத்தோடு பிடிவாதம் பிடித்தால் விட்டுக்கொடுக்கத் தயங்கமாட்டேன்.

நேர், நிரை, தேமா, புளிமா ஆகிய யாப்பிலக்கண அளவுகளை இந்த வயதில் தொட வேண்டியதில்லை. கேட்டு வரும் குழந்தைக்குத் தனியே கைதட்டிக் காட்டலாம்.

படி 6: அடித்தல்

உரைநடையின் கடைசி இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "வருத்தமாக இருந்தது", "கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்." கட்டுரை எழுதிப் பழகிய குழந்தைகள் எல்லோரும் இப்படித்தான் முடிப்பார்கள், ஏனெனில் அறிவுரையோடு முடித்தால் மதிப்பெண் கிடைக்கும் என்று நாம்தான் கற்பித்திருக்கிறோம். அந்த வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு கவிதையைப் படிக்கச் சொல்லுங்கள். குழந்தையின் கையில் குச்சி இருக்கிறது, வேட்டியில் ஒரு வடகம் குறைகிறது என்றால் வருத்தம் தெரிகிறதா இல்லையா என்று மற்றக் குழந்தைகளைக் கேளுங்கள். தெரிகிறது என்றால் அடிக்கலாம். பட்டம் பார்த்த கதையை வைத்துக்கொள்வதா என்பது கடினமான முடிவு. அது வந்தால் குழந்தை ஏன் ஏமாந்தது என்பது விளங்கும், வராவிட்டால் காகத்தின் சாமர்த்தியம் கூடும். "மட்டும்" என்ற சொல்லையும் இதே கண்ணோடு பாருங்கள். "என் கையில் குச்சி" என்றாலே போதுமா?

படி 7: தலைப்பு

கவிதையில் ஏற்கெனவே இருக்கும் சொல்லைத் தலைப்பாக வைக்கக் கூடாது என்பதே இந்தப் படியின் ஒரே விதி. "காகம்" என்று வைத்தால் இரண்டாம் வரியின் திருப்பம் தலைப்பிலேயே வெளிப்பட்டுவிடும். "காவல்" என்று வைத்தால், எதற்காக அந்தக் குச்சி என்பதைத் தலைப்பு சொல்லிவிடுவதால் கவிதைக்குள் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குழந்தையும் மூன்று தலைப்புகளை எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கவிதையோடு சேர்த்துப் படித்துக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.

படி 8: படித்துக் காட்டலும் திருத்தமும்

குழந்தை தன் கவிதையை இரண்டு முறை உரக்கப் படிக்க வேண்டும். "மிக நன்று" என்ற பாராட்டு அடுத்த கவிதைக்கு உதவாது. "கடத்தி என்ற சொல் வந்ததும் சிரிப்பு வந்தது" என்று எந்தச் சொல் என்ன செய்தது எனச் சொன்னால் உதவும். ஒரு வரி தளர்ந்திருந்தால் நீங்களே எழுதித் தராமல் இரண்டு மாற்று வரிகளைச் சொல்லி, மூன்றாவதாகத் தன் வரியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ர, ற குழப்பத்தையும் ல, ள, ழ குழப்பத்தையும் ஒற்றுப் பிழைகளையும் நல்ல பிரதி எடுக்கும்போது மட்டும் பென்சிலால் திருத்துங்கள். சிவப்பு மையைத் தொட வேண்டாம். அடித்தல் நிறைந்த முதல் தாளைத் தூக்கி எறியாமல் நல்ல பிரதிக்குப் பின்னால் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு முதல் படியின் பட்டியலில் எஞ்சியிருக்கும் ஒன்பது பொருள்களில் ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள்.